சீட்டே வாங்காமல் விழுந்த பரிசு

கேள்வி: ஐயா, என் கணவரின் வட்ஸ்அப்புக்கு, தென்னாபிரிக்க தேசிய லொத்தரில் 20 இலட்சம் ராண்ட் விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. வரிக்கும் கொரியர் செலவுக்குமாக 85,000 ரூபாயை நாளை மாலைக்குள் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் பரிசு ரத்தாகுமாம். சீல் குத்திய சான்றிதழும் அனுப்பியிருக்கிறார்கள். என் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது? (வாசகி, ஹட்டன்)

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், தங்கச்சி. உங்கள் வீட்டுக்காரர் தென்னாபிரிக்கச் சீட்டு எதையாவது வாங்கினாரா? இல்லையே. அங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான், வாங்கிய சீட்டில் உள்ள எண்களுக்குத்தான் பரிசு. போன் நம்பரைக் குலுக்கி யாருக்கும் கொடுப்பதில்லை.

வரி என்கிறார்களே, அதுதான் வேடிக்கை. அந்த நாட்டில் லொத்தர் பரிசுக்கு வருமான வரியே கிடையாது. நாளை மாலைக்குள் என்று அவசரப்படுத்துவதும் பொய். வென்றவர் சீட்டைக் காட்டிப் பணம் கேட்க 365 நாள் இருக்கிறது. 1997இல் போட்ட சட்டப்படி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் உரிமம் பெற்று தேசிய லொத்தரை நடத்தலாம். அதை மேற்பார்வை செய்வது தேசிய லொத்தர் ஆணைக்குழு. மோசடிக்காரர்கள் அந்த ஆணைக்குழுவின் பெயரையே திருடிச் சான்றிதழ் அடிக்கிறார்கள். ஏமாறாதீர்கள் என்று ஆணைக்குழுவே எச்சரித்திருக்கிறது.

சீலைப் பார்த்து மயங்க வேண்டாம். தோட்ட ஒப்பீசில் சீல் குத்தியே காலத்தைக் கழித்தவன் சொல்கிறேன், டவுனில் காசு கொடுத்தால் எந்தச் சீலும் செய்து தருவார்கள்.

வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த செய்தியை உங்களிடம் காட்டாமல் பணம் கட்டிவிடுவார். அந்த இலக்கத்துக்குப் பதில் போட வேண்டாம். அடையாள அட்டைப் பிரதியோ வங்கிக் கணக்கு இலக்கமோ ஏற்கெனவே போயிருந்தால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் செய்தியை அழிக்காமல் பொலிஸில் காட்டுங்கள்.

கேள்வி: அதே தென்னாபிரிக்காவில் ஒருமுறை 5, 6, 7, 8, 9, 10 என்று வரிசையாக விழுந்ததாம். கள்ளவேலைதானே? (வாசகர், பண்டாரவளை)

பதில்: விழுந்தது உண்மை, தம்பி. 2020 டிசம்பர் 1, பவர்போல் குலுக்கல். 50 எண்களில் ஐந்து, தனியாக 20 எண்களில் பவர்போல் என்ற ஒன்று எடுப்பார்கள். அன்றைக்கு ஐந்து முதல் ஒன்பது வரை முதலில், பவர்போல் 10. ஊரே கொதித்தது, ஆணைக்குழுவும் விசாரிப்பதாக அறிவித்தது.

ஆனால் கணக்குப்படி பார்த்தால் எந்த ஆறு எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான்: 4 கோடியே 23 இலட்சத்து 75,200இல் ஒன்று. இலங்கையின் சனத்தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! வரிசை எண் என்பதால் அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். அந்த வரிசையை எழுதி வைத்திருந்தவர்கள் 20 பேர். பெரும்பரிசைப் பங்கு போட்டதில் ஆளுக்குச் சுமார் 57 இலட்சம் ராண்ட்தான் கிடைத்தது. இன்னும் 79 சீட்டுகளுக்கு ஐந்து எண் சரி, பவர்போல் மட்டும் தவறு. அவர்களுக்குச் சீட்டு ஒன்றுக்கு 6,283 ராண்ட். ஆகவே பிறந்த நாள், வரிசை எண் என்று எல்லோரும் எழுதுவதையே நீங்களும் எழுதினால், விழுந்தாலும் பங்காளிகள் அதிகம்.

கனவில் வந்த எண்ணை நம்புவது நம் தோட்டங்களில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே ஃபாஃபி என்று சட்டத்துக்குப் புறம்பான ஒரு சூதாட்டம் உண்டு. 1 முதல் 36 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கனவுப் பொருள்.

கேள்வி: சீட்டு விற்ற பணம் அங்கே எங்கே போகிறது? (ஆசிரியை, மஸ்கெலியா)

பதில்: ஒரு பங்கு தர்ம நிறுவனங்கள், விளையாட்டு, கலைக்குப் போகிறது. நமது அபிவிருத்தி லொத்தர் சபையின் பணம் மகாபொல புலமைப்பரிசிலுக்குப் போவதைப் போல என்று வையுங்கள். கொள்கை நல்லதுதான், அங்கே பங்கிட்டதில்தான் கோளாறு என்று புகார்கள் எழுந்தன. 2020இல் தென்னாபிரிக்க ஜனாதிபதி ரமபோசா இந்த நன்கொடைகளை விசாரிக்கும்படி சிறப்புப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தார். பணம் வாங்கியும் பாதியில் நின்ற கட்டடங்கள் அந்த விசாரணையில் வெளியே வந்தன.