டைட்டிலில் உங்கள் பெயர்

கேள்வி: கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறேன். கடைசியாக எடுத்த படத்தில் பாதிக் காட்சிகளை நான்தான் எழுதி, இயக்கினேன். டைட்டிலில் என் பெயரை ‘உதவி’ என்ற இடத்தில் போட்டுவிட்டார்கள். கேட்டால், “டைரக்‌ஷனுக்குப் பெண்கள் வந்ததே இப்போதுதானே, போகப் போகப் பார்க்கலாம்” என்கிறார்கள். பேசாமல் விட்டுவிடலாமா? டி.பி.ராஜலட்சுமிக்கு முன்னால் யாருமே இல்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள், தோழி. உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணமே தப்பு.

தமிழின் முதல் பெண் இயக்குநரான ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வை இயக்கியது 1936இல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, மௌனப்பட காலத்தில், பம்பாயில் ஃபாத்மா பேகம் ‘புல்புல்-ஏ-பரிஸ்தான்’ எடுத்துவிட்டார். இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னால் போனால் பாரிஸில் ஆலிஸ் கீ இருக்கிறார்.

அவர் கேமரா விற்கும் கம்பெனி நடத்திய லியோன் கோமோனிடம் செக்ரட்டரியாக இருந்தவர். 1895 மார்ச்சில் லூமியர் சகோதரர்கள் திரையிட்டுக் காட்டியதை முதலாளியோடு போய்ப் பார்த்தார். ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். இதை வைத்துக் கதை சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆபீஸ் வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு கோமோன் சம்மதித்தார். முட்டைக்கோஸுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்துத் தரும் தேவதையைப் பற்றிய குட்டிப் படத்தில் தொடங்கிய ஆலிஸ், பத்தே ஆண்டுகளில் சுமார் 300 துணை நடிகர்களை வைத்து இயேசுவின் வாழ்க்கையைப் படமாக்கினார். பிறகு அமெரிக்கா போய், 1910இல் ‘சோலக்ஸ்’ என்ற சொந்தக் கம்பெனி தொடங்கி, நியூ ஜெர்ஸியின் ஃபோர்ட் லீயில் ஸ்டுடியோவே கட்டினார். ‘இயல்பாக இருங்கள்’ என்று நடிகர்களுக்காக அங்கே ஒரு போர்டு மாட்டியிருந்தார்.

அவருடைய ‘ஃபாலிங் லீவ்ஸ்’ (1912) படத்தை அவசியம் பாருங்கள். அக்காவுக்குக் காசநோய். கடைசி இலை உதிர்வதற்குள் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்வது சின்னத் தங்கையின் காதில் விழுகிறது. அவள் ராத்திரியில் தோட்டத்துக்குப் போய், இலைகளை நூலால் மரத்தில் கட்டுகிறாள். வசனம் கிடையாது, க்ளோசப் கிடையாது. அந்தப் பிஞ்சுக் கைகள் செய்கிற காரியம் போதும், நமக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

அப்படியே அமெரிக்க இயக்குநர் லோயிஸ் வெபர், கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியோடு சேர்ந்து இயக்கிய ‘சஸ்பென்ஸ்’ (1913). கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண், வீட்டுக்குள் நுழையும் திருடன், போனின் மறுமுனையில் புருஷன். மூன்றையும் ஒரே ஃப்ரேமில், திரையை முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். இரண்டுமே பத்துப் பன்னிரண்டு நிமிடப் படங்கள், யூடியூபில் கிடைக்கும். நண்பர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

இவர்களெல்லாம் ஏன் நமக்குத் தெரியாமல் போனார்கள்? சினிமாவில் பெரிய பணம் புழங்கத் தொடங்கியதும் அதிகாரம் பெரிய ஸ்டுடியோக்களிடம் போனது, பெண்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். படச்சுருள்கள் அழிந்தன. என்னை மிகவும் கோபப்படுத்துவது வேறொன்று: ஆலிஸ் எடுத்த படங்கள், அவரிடம் உதவியாளர்களாக இருந்த ஆண்களின் கணக்கில் எழுதப்பட்டன. 1922இல் பிரான்சுக்குத் திரும்பியவருக்கு அதன்பின் ஒரு படம்கூட அமையவில்லை. வயதான காலத்தில் தன் படங்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டு, வரலாற்றாசிரியர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1968இல், 94 வயதில் இறந்தார். சுயசரிதை வெளிவந்தது 1976இல்.

அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள் என்கிறேன். குறும்படம் ஆன்லைனில்தானே இருக்கிறது? டைட்டிலை மாற்றி மறுபடி ஏற்றுவது ஒரு நாள் வேலை. எந்தெந்தக் காட்சி உங்களுடையது என்று எழுதி, குழுவில் எல்லோருக்கும் மெயில் அனுப்பி, திருத்தச் சொல்லிக் கேளுங்கள். சண்டை வேண்டாம், குழைவும் வேண்டாம். ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு வடிவத்தையும் தேதி போட்டு வைத்திருங்கள். அடுத்த படத்துக்கு டைட்டிலில் யார் பெயர் எங்கே என்பதை ஷூட்டிங் தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் அவர்கள் மறுத்தால், அந்தப் படத்தை நீங்களே தனியாக எடுங்கள்.