தோல் லிம்போமாவின் போக்கை ஒட்டு மூலக்கூறுகள் சொல்லுமா?

கேள்வி: என் தந்தைக்கு 58 வயது. இடுப்பிலும் தொடையிலும் பல ஆண்டுகளாக இருந்த செதில் திட்டுகளைப் படர்தாமரை என்றெண்ணிக் களிம்பு தடவிவந்தோம். இப்போது பயாப்ஸியில் ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்ற தோல் லிம்போமா, தொடக்க நிலை என்று வந்திருக்கிறது. செல் ஒட்டு மூலக்கூறுகளைச் சோதித்தால் நோய் பரவுமா என்று முன்கூட்டியே தெரியும் எனப் படித்தேன். அந்தச் சோதனையைக் கேட்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கேட்பதில் தவறில்லை. ஆனால், அதன் முடிவால் உங்கள் தந்தையின் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை என்பதால், அதற்கெனத் தனியே பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நீங்கள் படித்ததில் அறிவியல் அடிப்படை இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் டி செல் (இந்த நோயில் புற்றாக மாறும் வெள்ளையணு வகை) தோலுக்குள் நுழைய, முதலில் அங்குள்ள ரத்தக்குழாயின் சுவரைப் பற்ற வேண்டும். செல்லின் மேலுள்ள சி.எல்.ஏ. என்ற மூலக்கூறு சுவரிலுள்ள ஈ-செலக்டினில் தொற்றிக்கொள்ள, செல் உருண்டு வேகம் தணிகிறது, பிறகு செல்லிலுள்ள எல்.எஃப்.ஏ-1 என்ற ஒட்டு மூலக்கூறு சுவரிலுள்ள ஐகாம்-1ஐ இறுகப் பிடிக்க, செல் நின்று, சுவரைக் கடந்து வெளியேறுகிறது. மேல்தோலை அடைந்தபின், செல்லிலுள்ள சிடி103 என்ற மூலக்கூறு, கெரட்டினோசைட்டுகள் எனப்படும் மேல்தோல் செல்களின் ஈ-கெடரினோடு இணைந்து அதை அங்கேயே நிறுத்திவைக்கிறது. தொடக்க நிலைப் பயாப்ஸியில் புற்றுச் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் ஒட்டி நிற்பதற்கும், நோய் ஆண்டுக்கணக்கில் தோலோடு அடங்கிக் கிடப்பதற்கும் இந்தப் பிடிப்புகள் முக்கியக் காரணம்.

கட்டி நிலைக்கு நோய் முற்றும்போது சிடி103உம், கெரட்டினோசைட்டுகளின் மேலுள்ள ஐகாம்-1உம் பலரிடம் குறைந்துபோவதையும், செல்கள் மேல்தோலைவிட்டு ஆழத்தில் திரள்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் புற்றுச் செல்கள் மிகுந்திருக்கும், இதற்கு நெருங்கிய தோல் லிம்போமாவான செஸாரி நோயிலோ, நிணநீர்க் கணுக்களுக்குள் நுழைய உதவும் எல்-செலக்டின் அச்செல்களின் மேல் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் இவை நோயாளியின் கோப்புக்குள் வராததற்குக் காரணம் உண்டு. சொரியாசிஸ், எக்ஸிமா போன்ற சாதாரண அழற்சிகளிலும் ஐகாம்-1 கூடுகிறது. ஒரே உடலில் இரண்டு திட்டுகள், இந்த மூலக்கூறுகளைக் காட்டும் சாயத்தை வெவ்வேறு விதமாக ஏற்கலாம். நோய் அரிது என்பதால் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மேலும், பிடிப்பு தளர்ந்ததால் நோய் முற்றியதா, முற்றியதால் பிடிப்பு தளர்ந்ததா என்பதை ஒரு பயாப்ஸியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

போக்கைக் கணிக்க உதவுபவை இதைவிட எளியவை. திட்டுகள் உடற்பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவா என்று பாருங்கள்; நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய 1 சதவீதம். அந்த அளவுக்குள், கணு வீக்கமோ ரத்தத்தில் புற்றுச் செல்லோ இல்லாதவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை என்பது நெடுங்காலக் கண்காணிப்பில் தெரிந்தது. முற்றிய நோயில் எச்சரிக்கை தருபவை நான்கு: நான்காம் நிலை, 60க்கு மேற்பட்ட வயது, ரத்தத்தில் எல்.டி.எச். (செல்கள் சிதையும்போது கூடும் ஒரு நொதி) உயர்வு, பயாப்ஸியில் புற்றுச் செல்கள் பெரிய செல்களாக உருமாறியிருப்பது.

செல்களின் இடப்பெயர்ச்சி பற்றிய ஆராய்ச்சி வீண்போகவில்லை. டி செல்லைத் தோலை நோக்கி இழுக்கும் சிசிஆர்4 என்ற ஏற்பியைக் குறிவைக்கும் மொகாமுலிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி அளித்தது. அது மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்கானது. தொடக்க நிலைத் திட்டுகளுக்கு ஸ்டீராய்டு களிம்பும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் பெரும்பாலும் போதும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கையில், நோயின் நிலை என்ன, கணுக்களைத் தொட்டுப் பார்த்தார்களா, எல்.டி.எச். எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏதேனும் திட்டு தடித்துக் கட்டியாக எழுந்தால், மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். அங்கிருந்து மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கும்.