சளி மாத்திரை போட்டால் தூக்கம் வராதவர் வண்டி ஓட்டலாமா?

கேள்வி: இரண்டு நாளாகச் சளி, ஓயாத தும்மல். நாளைக் காலை நாலு மணி நேரம் கார் ஓட்டியாக வேண்டும். கடையில் வாங்கிய சளி மாத்திரை கைவசம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிதாகத் தூக்கம் வராது. போட்டுக்கொண்டு கிளம்பலாமா?

தூக்கம் வராது என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், சில சளி மாத்திரைகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, சிமுலேட்டரில் (நிஜமாக ஓட்டுவதுபோலவே இருக்கும் இயந்திரத்தில்) கார் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். மது கொடுத்து ஓட்டவைத்தபோது இருந்ததைவிட ஓட்டம் மோசமாக இருந்தது. அதைவிட முக்கியம், யார் எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருப்பதாகச் சொன்னாரோ அதை வைத்து அவர் எப்படி ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. கண் சொக்காமலே கவனமும் பிரேக் போடும் வேகமும் குறையலாம். காபி குடித்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

அட்டையைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், டாக்ஸிலமின் இதில் எது இருந்தாலும் அதைப் போட்டுவிட்டு ஓட்ட வேண்டாம். இவை மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பவை. சரி, ராத்திரியே போட்டுவிட்டால்? குளோர்பெனிரமினில் பாதி உடலைவிட்டு வெளியேறவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும், அதனால் காலையிலும் அது உள்ளேதான் இருக்கும். இன்று ராத்திரியும் வேண்டாம்.

ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்ற புதிய ஒவ்வாமை மருந்துகள் மந்தம் தருவது மிகக் குறைவு, செட்டிரிசின் மட்டும் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். ஆனால் இவையெல்லாம் ஒவ்வாமைத் தும்மலுக்குக் கேட்கிற அளவுக்குச் சளித் தும்மலுக்குக் கேட்பதில்லை.

உங்கள் நிலையில் நானாக இருந்தால், காய்ச்சல், உடம்புவலிக்குத் தனிப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அதோடு நிறுத்திக்கொள்வேன். (சளி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.) அப்புறம் இருமல் சிரப்: கோடீன் இருந்தால் தொடவே வேண்டாம், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சிலருக்குக் கிறுகிறுப்பைத் தரும். தூக்க மாத்திரையோ மனப்பதற்றத்துக்கு மருந்தோ ஏற்கெனவே எடுப்பவர் என்றால், எதையும் சேர்க்கும்முன் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் அடித்தால் மருந்தே போடாவிட்டாலும் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.