நின்றுபோன கைக்கடிகாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரைப் பின்னணியாக வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். 19 வயதுப் பையன், அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தோடு போர்முனைக்குப் போகிறான். முதன்முறையாக ஒருவனைக் கொல்லும்போது அந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. படித்த நண்பர்கள், "குறியீடு அருமை, ஆனால் பையன் மாறியதை நம்ப முடியவில்லை" என்கிறார்கள். எங்கே பிசகியிருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பையன் மாறவேண்டிய இடத்தில் கடிகாரம் மாறிவிட்டது. அவனுக்குள் நடக்கவேண்டியதை அதுவே செய்துமுடித்துவிட்டதால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் அதே போரைப் பற்றி எழுதிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்' (1929) நாவலில் வரும் பூட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் ஆங்கிலேய விமானியின் பூட்ஸ், முழங்கால் வரை வரும் மிருதுவான மஞ்சள் தோல். அதை வைத்திருக்கும் கெம்மரிக்குக்குக் காலை எடுத்துவிட்டார்கள், மருத்துவமனையில் செத்துக்கொண்டிருக்கிறான். பார்க்க வந்த பள்ளித்தோழன் முல்லரின் கண் பூட்ஸ் மேலேயே இருக்கிறது. முல்லர் கெட்டவனல்ல. கெம்மரிக்குக்கு அது உதவும் என்றால் முள்கம்பி மேல் வெறுங்காலோடு நடப்பானே தவிர அதற்கு ஆசைப்பட மாட்டான் என்கிறான் கதைசொல்லி பால். அப்புறம் முல்லரும் சாகிறான், பூட்ஸ் பாலிடம் வருகிறது. அதில் எந்த அற்புதமும் நடப்பதில்லை. கடைசிவரை அது நல்ல தோல், அவ்வளவுதான். செத்தவனின் பூட்ஸைக் கூசாமல் மாட்டிக்கொள்கிறவர்களாகப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆகிவிட்டது நமக்குத் தெரிவதே, பூட்ஸ் அப்படியே இருப்பதால்தான்.

உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். ஆண்களிடம் கைக்கடிகாரம் பரவலானதே அந்தப் போரில்தான். அதுவரை பெரும்பாலும் சட்டைப்பைக் கடிகாரம். பதுங்குகுழியில் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. பீரங்கிகள் எந்த நிமிடம் ஓயும், எந்த நிமிடம் குழியிலிருந்து ஏறி ஓடவேண்டும் என்பதெல்லாம் முன்பே நேரம் குறித்து நடந்தவை. அதற்காகவே கடிகாரங்களை ஒன்றோடொன்று சரிபார்த்து வைத்துக்கொண்டார்கள். இருட்டில் தெரிய ரேடியம் பூசிய முட்களும் இருந்தன. அப்பா ஆசையாகக் கொடுத்த அதே கடிகாரம்தான் பையனுக்குக் கொல்லவும் சாகவும் நேரம் சொல்கிறது. அதைப் போய் நிறுத்தலாமா?

ஓடவிடுங்கள். அது தினமும் சாவி கொடுக்கவேண்டிய கடிகாரம் இல்லையா? முதல் பக்கத்தில், படுக்குமுன் சாவி கொடுத்துவிட்டு அது ஓடுகிறதா என்று அவன் காதில் வைத்துக் கேட்கட்டும். கொன்ற அன்று இரவும் அதையே செய்வான். விரலில் சேறு, திருகு வழுக்கும், சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகுவான், காதிலும் வைப்பான். நாலைந்து நாள் போகட்டும். ஓர் இரவு சாவி மட்டும் கொடுத்துவிட்டுக் கையை இறக்கிவிடுவான். காதுக்குக் கொண்டுபோகவில்லை என்பதை அவன் கவனித்திருக்கவே மாட்டான். மாற்றம் அங்கேதான் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, கொஞ்சம் பிந்தித்தான் வெளியே வரும்.

அந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். நீங்கள் கையால் செய்த வேலையை வாயால் கெடுத்ததாகிவிடும். திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.