தொட்டி முழுக்க வெதுவெதுப்பு ஏன்?

கேள்வி: 25 கிலோவாட் விறகு பாய்லருடன் 1,500 லிட்டர் வெந்நீர்த் தொட்டி இணைத்தோம். இரண்டு மணி நேரம் எரித்தும் மேலும் கீழும் ஒரே வெதுவெதுப்பு. பாய்லருக்குள் தார் படிகிறது. தொட்டி பெரிதாகிவிட்டதா?

பதில்: இல்லை, அளவு சரிதான். அத்தனை நீரை 40 டிகிரி உயர்த்த சுமார் 70 கிலோவாட் மணி வேண்டும். முழு வேகத்தில் எரித்தாலும் மூன்று மணி நேரம் பிடிக்கும். கோளாறு நீரோட்டத்தில். பம்பு வேகமாகத் தள்ளுவதால் சுடுநீரும் குளிர்நீரும் கலக்கின்றன. திரும்பும் குளிர்நீர் பாய்லர் சுவரைக் குளிரவைக்க, புகை அதில் தாராக ஒட்டுகிறது. இது பாய்லரையே அரித்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். திரும்பும் நீரை 60 டிகிரிக்குக் குறையவிடாத கலவை வால்வைப் பொருத்தி, பம்பைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். சுடுநீர் தொட்டியின் உச்சியில் நுழைய வேண்டும், குளிர்நீர் தொட்டியின் அடியிலிருந்து பாய்லருக்குத் திரும்ப வேண்டும். பாதித் தொட்டிக்குச் சூடு ஏறியதும் தொட்டுப் பார்த்தால் நடுவுக்குச் சற்று மேலே கை சுடும், அதற்கு ஒரு சாண் கீழே சில்லென்றிருக்கும். சூடாகிப் பெருகும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கலன் போதுமா என்றும் பாருங்கள்: 20லிருந்து 90 டிகிரிக்குப் போகையில் இந்த நீர் 50 லிட்டர் பெருகும்.