ஆற்றுக்கு அந்தப்புறம்

அன்புள்ள தம்பிக்கு,

என் பேரன் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படிக்கிறான். நுடுடுசோ மக்காதினி என்ற பியானோ கலைஞரின் ‘உநோம்குபுல்வானே’ என்ற இசைத்தட்டை வீட்டில் ஓயாமல் போடுகிறான். எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ நாலு சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறேன், அதற்குள் முடிந்துவிடுகிறது. நம்மவர்கள் யாராவது இந்த இசையில் இருக்கிறார்களா? ஆறு வருடம் கற்ற மிருதங்கத்தை அவன் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சாட்ஸ்வொர்த், டர்பன்

*

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது உடுக்கைச் சத்தம் கேட்டு நிற்கிறோமே, அங்கே யாரும் பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரே அடி, கால் மணி நேரம் ஆனாலும் அதே அடி. அந்த அடியேதான் அழைப்பு. மக்காதினியின் இடக்கை பியானோவில் அந்த வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் கேட்ட அந்த நாலு சுரம் வாசல். அதில் நின்றுகொண்டே வீடு எங்கே என்று தேடியிருக்கிறீர்கள்.

மக்காதினி 1982இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பிறந்து, டர்பனில் இசை படித்தவர். சூலு மரபில் அவர் ஒரு சங்கோமா, அதாவது முன்னோரோடு பேசிக் குணப்படுத்துபவர். 2017இல் வந்த அவருடைய தட்டின் பெயர் ‘இகாம்பி’. மருந்து மூலிகை என்று பொருள். வேப்பிலைக் கொத்தைக் கையில் வாங்கி வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2020இல் அவருடைய ஒன்பதாவது தட்டை அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட் வெளியிட்டது. அந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் தென்னாப்பிரிக்கர் அவர்தான்.

உநோம்குபுல்வானே சூலு மக்களின் மழைத் தெய்வம். மழை, மூடுபனி, வானவில், விளைச்சல் எல்லாம் அவள் கொடை. 2024இல் வந்த அந்தத் தட்டு மூன்று பகுதியாக அமைந்தது. முதலில் தெய்வத்துக்கு வார்த்துப் படைப்பது, அடுத்து நீரில் உறையும் ஆவிகள், கடைசியில் மனசுக்குள்ளே ஒரு நிலையை அடைவது. வாசிப்பவர்கள் மூன்றே பேர்: பியானோ, பாஸ், டிரம்ஸ். அதனால்தான் வெறுமையாகத் தோன்றுகிறது. இதற்கு முந்தைய 2022ஆம் வருடத் தட்டில் சாக்சபோன், ட்ரம்பெட், வைப்ரபோன் எல்லாம் நெருக்கியடித்து வரும். எனக்கு இந்த வெறுமைதான் பிடித்திருக்கிறது. மேகம் திரளும் வானத்தில் இப்படித்தான் இடம் இருக்கும்.

மாரி என்றால் மழை என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள்! இரண்டு தெய்வமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்களுடைய வழிபாடு, நமக்கு உரிமை கிடையாது. ஆனால் சாட்ஸ்வொர்த்தையும் உம்லாசியையும் பிரிப்பது ஓர் ஆறுதான் அக்கா. இந்தப்புறம் இந்தியர், அந்தப்புறம் கறுப்பர் என்று கோடு கிழித்தவர்கள் வெள்ளை ஆட்சியாளர்கள். அந்த உம்லாசியிலிருந்து வந்த லிண்டா சிக்காக்கானேதான் மக்காதினியின் 2020, 2022 தட்டுகளில் டெனர் சாக்சபோன் வாசிப்பவர். ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில் சூலுப் பெண்கள் தேங்காய்த் தட்டோடு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நம் உடுக்கையைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அவர்களுடைய மழைப் பாட்டு நம் வீட்டுக்குள் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதை உங்கள் பேரன்தான் கொண்டுவந்தான்.

நம்மவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் கேசிவன் நாயுடு 2009இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருதை ஜாஸுக்காகப் பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த தீபக் ராம் தம் ‘ஸ்டெப்ஸ்’ தட்டில் அமெரிக்க ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் இசையைப் புல்லாங்குழலில் வாசித்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள். ஆனால் நம்மவர் பெயரைத் தேடி மட்டும் இந்த இசைக்குள் நுழையாதீர்கள்.

நுழைய நல்ல இடம் பெக்கி ம்செலெகு. நம் டர்பன்காரர், மக்காதினிக்கு வழிகாட்டியாக இருந்தவர். சிறுவயது விபத்தில் வலக்கையில் இரண்டு விரல்களின் நுனி போனது. பியானோவைத் தாமாகவே கற்றவர். 2008இல் லண்டனில் இறந்தார். 2003இல் அவர் தனியாக வாசித்த பதிவு 2021இல்தான் ‘பியாண்ட் த ஸ்டார்ஸ்’ என்ற தட்டாக வந்தது. அதில் மெட்டு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மிருதங்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மக்காதினியின் தட்டு ஓடும்போது பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள். ஆறு வருடம் அவன் கையில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

அடுத்த ஆடிக் கூழுக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். அவனையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி