பெரிய வாய்க்காலைத் தாண்டாத கைடுகள்: பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஆப்பிரிக்கா, பாதி நம் ஊர். லீவு நெருங்குகிறது போல.

கென்யாவின் மசாய் மாரா காட்டில் சிங்கம் நிச்சயம் பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (நெய்வேலி)

நிச்சயம் என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சிங்கம் அங்கே வருஷம் முழுக்க இருக்கிறது, பெரும்பாலும் கண்ணில் படும். ஆனால் அது யாருக்கும் நேரம் கொடுத்திருக்கவில்லை. வில்டபீஸ்ட் என்கிற மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டம் வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். வழக்கமாகச் சொல்வதுதான்: ஏஜென்டோடு மட்டும் பேசாமல், கூட வரப்போகிற கைடிடமும் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

கென்யா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எங்களுக்கு 63, 66 வயது.

திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் உட்கார வேண்டியிருக்கும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். 60 தாண்டியவர்கள் டாக்டரைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்.

சஃபாரிக்கு என்ன நிறச் சட்டை?

காக்கி, பழுப்பு. கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கடிக்கிற செட்சி ஈ தேடி வரும். சூட்கேஸும் வேண்டாம், சின்ன விமானத்தில் 15 கிலோதான், அதுவும் துணிப் பையில்.

கேம்ப்புக்கு வேலியே கிடையாதாமே? மனைவி பயப்படுகிறாள். (கடலூர்)

பல கேம்ப்புகளுக்குக் கிடையாது. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போகவும் திரும்பவும் காவலர் கூடவே வருவார். நான் தங்கியது ஆற்றங்கரை கேம்ப். முதல் ராத்திரி தலைமாட்டுக்கு வெளியே யாரோ கத்தைக் கத்தையாக வைக்கோலைப் பிடுங்குவதுபோல் சத்தம். ஜிப்பைத் திறக்கவில்லை. காலையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் புல் மொட்டையாக இருந்தது, ஈர மண்ணில் தாம்பாளம் அளவுக்குத் தடம். நீர்யானை. ராத்திரி கரையேறி மேய்ந்துவிட்டு விடியுமுன் தண்ணீருக்குத் திரும்பிவிடும். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கூடாரத்தைத் தனியாகத் திறந்துகொண்டு மட்டும் வெளியே வராதீர்கள்.

பாண்டி ஒயிட் டவுனை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும் கைடு கிடைப்பாரா? போட்டோ நன்றாக வர வேண்டும். (விழுப்புரம்)

கிடைப்பார்கள், அதுதான் என் வருத்தம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலக் கதவு, நாலு போட்டோ, காபி, முடிந்தது. சமீபத்தில் ஒருவர் பின்னால் சும்மா நடந்தேன். ஒரு ஜன்னலைக் காட்டி, ‘இது டூப்ளே தூங்கிய அறை’ என்றார். கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளே 1754இல் ஊரை விட்டே போய்விட்டார். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டை கொத்தளம் மாளிகை என்று தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் படம் எடுக்கிற தெருக்களில் பெரும்பாலான வீடுகள் அதற்கப்புறம் எழுந்தவை. இதைச் சொன்னால் கதை இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது?

இன்னொன்று, இந்த கைடுகள் ஒயிட் டவுனையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டவே மாட்டார்கள். நாற்றமாம்! அந்தப் பக்கம்தான் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள். பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, கீழே நம் ஊர் மரத்தூண், மாடியில் பிரெஞ்சுத் தூண். 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய மனிதர், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். ஒரு வீட்டில் இரண்டு ஊர் தெரிகிறது, அதைக் காட்ட ஆளில்லை. முஸ்லிம் பகுதியான காஜியார் தெருப் பக்கம் போனால் இன்னொரு பாண்டி. காலை ஆறரைக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ‘வாய்க்காலுக்கு மேற்கே கூட்டிப்போவீர்களா?’ என்று முதலிலேயே கேளுங்கள், பேசிப் பாருங்கள். முகம் சுளித்தால் வேறு ஆள்.

கடலூரில் காலனி காலத்துச் சமாச்சாரம் ஏதாவது உண்டா?

கடலூரில் இருந்துகொண்டே இந்தக் கேள்வியா! தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதும் சில வருஷம் ஆங்கிலேயர்களுக்கு இதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள்; மூன்றே வருஷத்தில் பாண்டியில் பதிலடி. பார்க்க மிச்சம் அதிகமில்லை, சொல்லத் தெரிந்தவரோடு போங்கள்.

பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா?

துடுப்பு. சுரபுன்னை வேர்களுக்குள் நுழைகிற குறுகிய ஓடைகளுக்கு அதுதான் போகும். தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் கிளையை ஒடிக்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விடிகாலையில் போங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். கைடுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம்? அவசரம்.

எங்கே போகிறீர்கள்?